வாங்குவதை மட்டும் விட்டவர்

புகையிலை விஷயத்தில் மனிதர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: பிடிக்கிறவர்கள், பிடிக்காதவர்கள். கணக்கெடுக்க வருகிறவர்களின் தாளிலும் இரண்டே கட்டங்கள். அந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவிலுள்ள கோட்டின் மேல் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, ஆனந்தமாகப் புகை விடுகிற மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அரசாங்கத்துக்கு அதைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அலுவலக மாடிப்படியில், விருந்து நடக்கிற வீட்டின் பின்வாசலில், யாரோ ஒருவர் தீக்குச்சி கிழிக்கிற சத்தம் கேட்ட மாத்திரத்தில் நிலத்திலிருந்து முளைத்தவர் மாதிரி வந்து நிற்பாரே, அவரேதான். "நான் விட்டுட்டேன்" என்பார். என்னத்தை விட்டார்? வாங்குவதை விட்டார்.

எங்கள் மேற்குச் சமவெளியில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி மெர்வ் டக்வெல்.

மெர்வ், பண்ணை பண்ணையாகப் போய் ஆடுகளுக்குக் கம்பளி கத்தரிக்கிற குழுவில் இருப்பவர். கத்தரித்துப் போட்ட கம்பளியை எந்திரத்தில் திணித்து அழுத்தி மூட்டை கட்டுவது அவர் வேலை. அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிற வயது, பீப்பாய் மாதிரி மார்பு, அதன்மேல் ஒரு சட்டைப்பை, அந்தப் பை காலி. அது காலியாகி வருஷக்கணக்கு ஆகிறது. ஆனாலும் இடைவேளை மணி அடித்ததும் அவர் கை தானாகப் போய் அந்தப் பையைத் தட்டும், பிறகு கால்சராயின் பக்கவாட்டைத் தட்டும், பிறகு பின்பக்கத்தைத் தட்டும், கடைசியில் முகத்தில் ஒரு திகைப்பு வந்து உட்காரும். "அட, எங்க வச்சேன்?" எங்கும் வைக்கவில்லை. வாங்கினால்தானே வைப்பதற்கு!

எங்கள் பக்கத்தில் வேலைக்கு நடுவே விடுகிற தேநீர் இடைவேளைக்கு 'ஸ்மோக்கோ' என்று பெயர். புகை விடுவதற்கென்றே பிறந்த இடைவேளை. புகை போன பிறகும் பெயர் போகவில்லை. சம்பளத்தில் கைவைத்த முதலாளியைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், ஸ்மோக்கோவில் கைவைத்தால் ஆட்டைப் பாதிக் கம்பளியோடு விட்டுவிட்டு வண்டி ஏறிவிடுவார்கள். ஒரு காலத்தில் கம்பளி கத்தரிக்கும் கொட்டகைக்கு வெளியே மரத்தடி மேஜையில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில், புகையிலைப் பைகள் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். மேஜைமேல் வைத்தது எல்லாருக்கும் என்பது கொட்டகைச் சட்டம். 'இது யாருடையது?' என்று கேட்பவன் நிச்சயம் வெளியூர்க்காரன்.

பிறகு வரி ஏற ஆரம்பித்தது. மார்ச்சில் ஒரு தடவை ஏறியது, அந்த அதிர்ச்சியில் திறந்த வாயை மூடுவதற்குள் செப்டம்பரில் ஒரு தடவை ஏறியது. ஒவ்வோர் ஏற்றத்துக்கும் புகையிலைப் பை ஓர் அடி பின்வாங்கியது: மேஜையிலிருந்து மடிக்கு, மடியிலிருந்து சட்டைக்குள், சட்டைக்குள்ளிருந்து வண்டி இருக்கையின் அடிக்கு, கடைசியில் எவனும் திறந்தே பார்க்காத முதலுதவிப் பெட்டிக்கு. ஒவ்வோர் ஏற்றத்திலும் ஓர் ஆள் உதிர்ந்தான். நியூசிலாந்திலிருந்து வந்த மாவோரிக்காரன் ஹெமி, கதவை அடைக்கிற உடம்புக்காரன், தோளில் புகை ஆசையை அடக்கும் மருந்துப் பட்டை ஒட்டிக்கொண்டான். சமையல்காரர் கிளிஃப் சூயிங்கம் மெல்ல ஆரம்பித்து, அதே தாடையோடு சூப்பையும் மென்றார். விலை அந்த மாதிரி. ஒரு பை புகையிலை வாங்குகிற காசுக்குச் சந்தையில் ஒரு கிழட்டு ஆட்டைப் பிடித்துக்கொண்டு வரலாம். ஆட்டைச் சுருட்டிப் புகைக்க முடியாது என்பது ஒன்றுதான் குறை.

பக்கத்து ஊரில் மிட்டாய்க் கடை என்று பலகை மாட்டி ஒரு கடை திறந்தார்கள். வரி கட்டாத சிகரெட் அங்கே மலிவு. உள்ளே போய் மிட்டாய் கேட்டால் மட்டும் உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். மெர்வ் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். மலிவாகவும் வாங்க மாட்டார், விலை கொடுத்தும் வாங்க மாட்டார்.

கடைசியில் குழு முழுவதிலும் புகையிலைக்குக் காசு கொடுக்கிற ஒரே ஜீவனாக மிஞ்சியது நொலீன் ஸ்கோபி. கம்பளியைத் தரம் பிரிக்கிறவள். மெர்வின் வயதுதான், கணவன் காலமாகிவிட்டான், ஜிப் என்றொரு நாய் உண்டு. விரலால் ஒரு இழையைச் சுண்டி இழுத்து 'இது இரண்டாந் தரம்' என்றால் பண்ணைக்காரரே எதிர்த்துப் பேச மாட்டார். அந்த விரல்கள் சுருட்டுகிற சிகரெட்டும் முதல் தரம். மரமே இல்லாத வெட்டவெளியில் ஒற்றை மரத்தைக் கண்ட காக்கட்டூப் பறவை மாதிரி மெர்வ் அவளிடம் போய் உட்கார்ந்தார்.

கேட்பாரா? கேட்க மாட்டார். கேட்பது பிச்சைக்காரன் வேலை. முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அதற்கேற்ப உட்காருவார். மூக்கை உறிஞ்சி, "ம்ம், என்ன வாசனை!" என்பார். பைகளைத் தட்டுவார். பெருமூச்சு விடுவார். நொலீன் தாள் எடுக்கும்போது, "எனக்கு வேண்டாம், நான்தான் விட்டுட்டேனே" என்பார், அவள் கேட்காதபோதே. பிறகு, "சரி, நீ இவ்வளவு சொல்றதால பாதி." மெர்வின் பாதி என்பது ஒரு விநோத அளவு. அது விரலைச் சுடுகிற வரைக்கும் நீளும்.

ஓசி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவருக்குக் கோபம் வரும். அவர் என்ன நன்றி கெட்டவரா? நொலீனின் தண்ணீர்த் தொட்டி ஒழுகியபோது அடைத்தது யார்? அவள் வண்டியின் ரேடியேட்டரை மாற்றியது யார், வேலியை நிமிர்த்தியது யார், கோழிக்கூட்டுக்குக் கூரை போட்டது யார், அவள் சுட்ட லாமிங்டன் கேக்கைப் பல்லில் மணல் நறநறக்கச் சாப்பிட்டுவிட்டு, "பிரமாதம்" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னது யார்? அத்தனையும் சிநேகிதம். புகையிலைக்குக் காசு கொடுத்தால்தானே செலவு!

ஒரு நாள் தொலைபேசியில் ஒரு பெண் கணக்கெடுத்தாள்.

"நீங்க புகை பிடிக்கிறதுண்டா சார்?"

"விட்டு வருஷக்கணக்காச்சும்மா."

"ரொம்ப நல்லது சார். எதனால விட்டீங்க? உடம்புக்காகவா, விலைக்காகவா?"

"விலைதான். அநியாய விலை!"

இதைச் சொல்லும்போது இடக்கையில் நொலீன் சுருட்டிக் கொடுத்தது புகைந்துகொண்டிருந்தது. சொன்னதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? அதுதான் இந்த இனத்தின் அழகு. தலைநகர் கான்பராவில் ஏதோ ஒரு சுவரில், புகை பிடிப்பவர்களை எண்ணுகிற ஏதோ ஒரு கோடு ஒரு மயிரிழை கீழே இறங்கியது. கீழே நின்றவர்கள் ஒருவர் கையை ஒருவர் குலுக்கியிருப்பார்கள். மெர்வின் மனைவி கொலீனும் அந்தக் கோட்டை நம்பினாள். பந்து உருட்டும் கிளப்பில், 'என் மனுஷன் விட்டுட்டார்' என்று எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தவள் அவள்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் நொலீன் ஒரு செப்டம்பர் காலையில் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"இந்தப் பையோட சரி. நான் விடறேன்."

மெர்வின் தேநீர் கோப்பையிலேயே அலையடித்தது. "எதுக்கு?"

"எதுக்கா? வரி ஏறுது, மூச்சு இறங்குது. அடுத்த மாசம் நாய்ப் போட்டி."

ஆட்டுநாய்ப் போட்டியில் ஆள் ஒரு கம்பத்தடியிலேயே நிற்க வேண்டும். நாய் தூரத்தில் மூன்று ஆடுகளை வளைத்துக் கொண்டுவந்து பட்டியில் அடைக்க வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவே சீழ்க்கை ஒலி மட்டும்தான். சென்ற போட்டியில் ஜிப் ஆடுகளைப் பட்டிவாசல் வரை கொண்டுவந்துவிட்டது. நொலீன் உதட்டைக் குவித்தாள். சீழ்க்கை வரவில்லை, இருமல் வந்தது. பழைய டிராக்டர் கிளம்புவது மாதிரி ஓர் இருமல். ஜிப் கீழ்ப்படிதலில் ராணுவம். இது ஏதோ புதிய கட்டளை என்று ஒரு கணம் யோசித்து, 'எல்லாவற்றையும் இங்கே ஓட்டிக்கொண்டு வா' என்று அர்த்தம் செய்துகொண்டது. மூன்று ஆடுகளோடு, பக்கத்து வயலில் முறைக்குக் காத்திருந்த நாற்பதையும் சேர்த்து நடுவர்களின் தேநீர்க் கூடாரத்துக்குள் ஓட்டிவிட்டது. அன்றிலிருந்து நொலீன் இருமினால் போதும், ஜிப் எதையாவது கொண்டுவந்து சேர்த்துவிடும். கோழிகளைக் கொண்டுவந்திருக்கிறது. ஒரு தடவை இன்சூரன்ஸ் ஏஜெண்டைக் கொண்டுவந்தது.

"விலை மட்டும்னா இன்னும் ரெண்டு வருஷம் திட்டிக்கிட்டே வாங்கியிருப்பேன்" என்றாள் நொலீன். "மூச்சு மட்டும்னாலும் இருமிக்கிட்டே இழுத்திருப்பேன். ரெண்டும் ஒண்ணா வந்து கதவைத் தட்டுது. இந்த நாய்க்கு வயசாகுது மெர்வ். அது கடைசியா ஒரு தடவை ஒழுங்கா அடைச்சுப் பார்க்கணும் நான்."

ஒரு நல்ல சிநேகிதன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அதைத் தவிர மற்றதையெல்லாம் மெர்வ் சொன்னார்.

"இருமல் புகையால வரல நொலீன். ஆட்டுத் தூசி."

"அப்ப ஆட்டை விட்டுடவா?"

"திடீர்னு விட்டா உடம்பு தாங்காதும்மா. எங்க மாமா ஒருத்தர் இப்படித்தான் விட்டாரு, மறுவாரமே போய்ச் சேர்ந்துட்டாரு."

"எதுல போனாரு?"

மெர்வ் சற்றுத் தயங்கினார். "ரயில்ல அடிபட்டு."

நொலீன் கேரட் மெல்ல ஆரம்பித்தாள். முதல் வாரம் அவள் பக்கத்தில் போனவர்களெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். முதல் தரக் கம்பளியெல்லாம் மூன்றாந் தரமானது. ஆனால் மெர்வ் பட்ட பாடு அதைவிடப் பெரிது. அவர் கட்டிய மூட்டைகள் ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் சூம்பி, பல்வலிக்காரன் கன்னம் மாதிரி வரிசையில் நின்றன. எந்திரத்தைத் திட்டினார், வானத்தைத் திட்டினார், ஓர் ஆட்டிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஹெமி பார்த்துவிட்டு, "யோவ் மெர்வ்! விட்டது நொலீன் அத்தை. உனக்கு ஏன்யா கை நடுங்குது?" என்றான்.

மெர்வ் எந்திரத்தை இன்னும் ஓங்கி அழுத்தினார். சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குள் போனார். பெட்ரோல் போடுகிற கடையின் வாசலில் இரண்டு தடவை நடந்தார். உள்ளே போனார். தன் கையாலேயே வாங்கிக் கொடுத்து அவளை மறுபடி பிடிக்க வைத்துவிடுவது என்பது திட்டம். ஒரு பை முதல் போட்டால் காலமெல்லாம் வட்டி வரும் அல்லவா?

அவர் கடைசியாக வாங்கிய காலத்தில் பெட்டிகள் கல்யாணப் பெண் மாதிரி அலமாரியில் மினுக்கிக்கொண்டு நிற்கும். இப்போது அலமாரிக்குக் கதவு போட்டுவிட்டார்கள். கடைக்கார ரோண்டா கதவைத் திறந்து ஒரு பையை எடுத்து வைத்தாள். சேற்றுப் பச்சை நிறம். மேலே அழுகிய பல்வரிசை ஒன்றின் படம்.

"வேற படம் இல்லையா?"

"கண்ணு இருக்கு. கால்விரல் இருக்கு. எது வேணும்?"

"பல்லே இருக்கட்டும்."

ரோண்டா விலையைச் சொன்னாள். பின்னால் யாரோ டிராக்டர் டயர் வாங்குகிறார்கள் போலிருக்கிறது என்று மெர்வ் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. ஐம்பது டாலர் நோட்டு ஒன்றை, மீதிக்காகக் கையை நீட்டியபடியே, வைத்தார்.

"இது பாதிதான்யா."

"பாதிப் பை குடுப்பியா?"

"ஏன் மெர்வ், நீ விட்டுட்டேன்னு உன் பொண்டாட்டி கிளப்புல கேக் குடுத்தாளே? ரெண்டு துண்டு சாப்பிட்டேனே நான்!"

"எனக்கு இல்ல ரோண்டா. ஒரு சிநேகிதிக்கு."

சொல்லி முடித்த பிறகுதான், 'எனக்குத்தான்' என்று சொல்லியிருந்தாலே மேல் என்று அவருக்கு உறைத்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பையைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து பெல்ட் போட்டே கொண்டுபோனார்.

திங்கட்கிழமை ஸ்மோக்கோ. நொலீன் கேரட்டோடு உட்கார்ந்திருக்கிறாள், ஜிப் மேஜைக்கடியில் படுத்திருக்கிறது, மற்றவர்கள் கேக்கைத் தாக்கிக்கொண்டிருக்கிறார்கள். மெர்வ் எழுந்து நின்றார், தொண்டையைச் செருமினார், பையை வெளியே எடுத்து, ராணிக்குக் கிரீடம் வைப்பவர் மாதிரி மேஜை நடுவில் வைத்தார்.

"உனக்குத்தான் நொலீன். போட்டி வரைக்கும் கஷ்டப்படாத."

நொலீன் பையைப் பார்த்தாள். கையிலிருந்த கேரட் மெல்லக் கீழே இறங்கியது. விரல்கள் மேஜைமேல் ஓர் அங்குலம் நகர்ந்தன. இன்னும் ஓர் அங்குலம். மெர்வ் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையோடு சேர்ந்து ஒரு சீழ்க்கையும், ஒரு வயதான நாயும், மூன்று ஆடுகளும் அந்த மேஜைமேல் நகர்வதாக அவருக்குத் தோன்றியதா? தோன்றவில்லை என்று சொல்லத்தான் ஆசை. தோன்றியது. ஆனாலும் பேசாமல் நின்றார்.

அதற்குள் இன்னொரு கை வந்தது. ஹெமியின் கை, ஆட்டுத்தொடை அளவு.

"ஏய், அது அவளுக்கு!"

"மேஜைமேல வச்சிட்டியே மெர்வ்" என்றான் ஹெமி. "மேஜைமேல வச்சது எல்லாருக்கும். நான் வந்த புதுசுல நீதானய்யா சொல்லிக் குடுத்த?"

"நீதான் விட்டுட்டியேடா!"

"ஒண்ணே ஒண்ணு. நான்தான் வாங்கறதில்லையே."

"எனக்குப் பாதி போதும்ப்பா" என்றார் கிளிஃப், சூயிங்கத்தை மேஜையடியில் ஒட்டிவிட்டு.

வருஷக்கணக்காக விட்டிருந்தவர்களெல்லாம் நாலா பக்கமும் இருந்து முளைத்தார்கள். "வாசனை பாரு!" என்றான் ஒருவன், காற்றுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு. இன்னொருவன் சட்டைப்பையைத் தட்டினான். மெர்வ் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார். எல்லாம் எங்கேயோ கேட்ட குரல். எங்கே என்று தெரிந்தபோது காது சிவந்துவிட்டது. அவர் கண் முன்னாலேயே ஒரு கிழட்டு ஆட்டின் விலை கால்வாசி கால்வாசியாகப் புகைந்துகொண்டிருந்தது.

புகை திரண்டு நொலீன் பக்கம் போயிற்று. அவள் இருமினாள்.

ஜிப்புக்கு இரண்டாவது அழைப்பு தேவையில்லை. ஒரு பாய்ச்சலில் கொட்டகையைச் சுற்றிப் போயிற்று. மறுகணம், அப்போதுதான் கம்பளி இழந்து வெட்கத்தோடு பட்டியில் நின்றிருந்த ஆடுகள் இருநூறும் மரத்தடிக்கு வந்து சேர்ந்தன. மேஜை ஒரு பக்கம் போயிற்று, கேக் ஒரு பக்கம் போயிற்று, கிளிஃப் ஓர் ஆட்டின்மேல் ஏறிக் கொஞ்ச தூரம் போனார். நொலீன் சிரித்தாள், சிரித்ததில் மறுபடி இருமல் வந்தது, ஜிப் போய்க் கோழிகளையும் கொண்டுவந்தது. எல்லாம் ஓய்ந்து பார்த்தால், கொம்பு முறிந்த கிடா ஒன்று வாய் நிறையப் புகையிலையை மென்றபடி, கண் சொருகி நின்றுகொண்டிருந்தது. இன்றைக்கும் அந்தப் பண்ணைக்குக் குழு போனால் அந்தக் கிடா மெர்வைத் தேடி வந்து அவர் சட்டைப்பையை மோந்து பார்க்கும். எனக்குத் தெரிந்து அது வாங்குவதே இல்லை.

நொலீன் மண்ணிலிருந்து பையை எடுத்துத் தட்டினாள். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "இந்தா. நீ வாங்கினது, நீயே வச்சுக்க" என்று அவர் சட்டைப்பையில் சொருகினாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தப் பையில் ஏதோ இருந்தது. கேரட்டை எடுத்துத் துடைத்து ஒரு கடி கடித்தாள். "டீ ஆறுது, உக்காரு."

அன்று சாயங்காலம் மெர்வ் தன் சொந்தப் புகையிலையில் ஒன்று சுருட்டிப் பற்றவைத்தார். பாருங்கள் வேடிக்கையை! நொலீனின் புகையிலை என்றால் வானத்தைப் பார்த்து விச்ராந்தியாக ஊதியவருக்கு, இப்போது ஒவ்வொரு வளையமும் ரோண்டாவின் குரலில் விலை சொல்லிக்கொண்டு மேலே போயிற்று. காற்று பாதியைக் குடித்ததும் காற்றின்மேல் ஆத்திரம் வந்தது. இரண்டு இழுப்பில் அணைத்தார். மறுபடி பற்றவைத்தார். மறுபடி அணைத்தார். அடுத்த நாள் பையை முதலுதவிப் பெட்டியில் ஒளித்தார், ஹெமி வந்து "ஒண்ணே ஒண்ணு" என்றபோது, வாழ்நாளில் அவர் யார் வாயிலிருந்தும் கேட்டறியாத அந்த வார்த்தையைத் தானே சொன்னார்: "கிடையாது." மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஊர் ஊராக அவரைத் தேடி அலைந்த வரி, கடைசியில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. அந்தப் பை தீர்ந்தது. அடுத்ததை அவர் வாங்கவில்லை, நொலீனிடம் இல்லை, போய் உட்கார வேறு மரமும் இல்லை.

போட்டியன்று நொலீன் கம்பத்தடியில் நின்று உதட்டைக் குவித்தாள். மெர்வ் வேலியை இறுகப் பிடித்துக்கொண்டார். சீழ்க்கை வந்தது. நடுங்காமல், நடுவில் முறியாமல், மைதானத்தின் அந்தக் கோடிவரை நூல் பிடித்த மாதிரி போயிற்று. ஜிப் காதை நிமிர்த்தி, மூன்றே மூன்று ஆடுகளை, மூன்றை மட்டும், பட்டிக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு வாசலில் படுத்துக்கொண்டது. மூன்றாம் பரிசு, ஒரு தட்டு இறைச்சி. வேலியோரத்தில் நின்ற பீப்பாய் மார்புக்காரர் ஏன் மூக்கைச் சிந்தினார் என்று யாரும் விசாரிக்கவில்லை. தூசி. ஆட்டுத் தூசி.

"யோவ் மெர்வ்" என்று வந்தாள் நொலீன். "நிஜமாவே விட்டுட்டியாமே? கொலீன் மறுபடி கேக் வெட்டணுமே!"

மெர்வ் சட்டைப்பையைத் தட்டினார். பக்கவாட்டைத் தட்டினார். பின்பக்கத்தைத் தட்டினார். கண் மட்டும் அவள் கையிலிருந்த கேரட்டின்மேல் இருந்தது.

"பாதி போதும்" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், உங்களுக்குத்தான் புகைப் பழக்கமே கிடையாதே. 'எனக்கு ஒன்றும் வேண்டாம்' என்று சொல்லிவிட்டு எதிரே இருப்பவர் தட்டிலிருந்து சிப்ஸை ஒவ்வொன்றாக எடுத்தது வேறு யாரோ. சர்க்கரையை விட்டுவிட்டு, அடுத்தவர் பாயசத்தில் கரண்டி விட்டு ருசி மட்டும் பார்த்ததும் வேறு யாரோ. போகட்டும். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிய பக்கத்து இருக்கைக்காரர் இப்போது பக்கத்தைப் புரட்டப் போகிறார். அவர் தோளின்மேல் வைத்திருக்கும் உங்கள் தாடையைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்.